புற்றுநோய்க்காகத் தொடங்கி முதியோரிடம் வந்து சேர்ந்த திட்டம்: கேரளப் பாலியேட்டிவ் வலையமைப்பு – நிகழ்வு ஆய்வு

வயதானவருக்கு நெஞ்சுவலி வந்தால் காப்பீடு இருக்கிறது. பக்கவாதம் வந்து, மருத்துவமனை கையை விரித்து, வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றியே நிற்கும் பணம். மாதாமாதம் வாங்கும் டயப்பருக்கும், மூத்திர டியூப் மாற்றுவதற்கும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மகளுக்கும் அதில் இடமில்லை. குடும்பத்தை மெல்லக் கரைப்பது இந்தச் செலவுதான்.

இந்த இடைவெளியை இந்தியாவில் ஓரளவு பெரிய அளவில் அடைத்த மாநிலம் கேரளம். அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதில்தான் இந்த ஆய்வின் சுவாரஸ்யம் இருக்கிறது. புற்றுநோய் வலிக்காக ஊர் ஊராகக் கட்டிய பாலியேட்டிவ் (குணமாக்க முடியாத நோயில் வலியையும் அவதியையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சை) அமைப்புக்குள் படுத்த படுக்கையான முதியவர்கள் வந்து நிறைந்தார்கள். அந்தச் சட்டை அவர்களுக்கு எங்கே பொருந்தியது, எங்கே இறுக்கிப் பிடித்தது என்பதைப் பார்ப்போம்.

கோழிக்கோட்டிலிருந்து வார்டுக்கு

1993-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோரும் சில தன்னார்வலர்களும் சேர்ந்து வலி, பாலியேட்டிவ் மருத்துவத்துக்கு ஒரு புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார்கள். கொடுத்த மருந்து எளிமையானது: கடும் வலியை அடக்கும் வாய்வழி மார்ஃபின். நோயாளிகள் வரத் தொடங்கியதும் ஒரு சிக்கல் தெரிந்தது. வலியால் துடிப்பவரை ஜீப்பில் ஏற்றி, மலப்புறத்தின் உள்ளூர்களிலிருந்து கோழிக்கோட்டுக்குக் கொண்டுவருவதே ஒரு வதை. முதல் முறை வந்தவர்களில் பலரால் இரண்டாம் முறை வர முடியவில்லை. ஆகவே ஊர்களில் துணை மையங்கள் தொடங்கப்பட்டன. அங்கும் மருத்துவர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். மற்ற நாட்களில் பார்க்க ஆள் வேண்டும்.

2000-களின் தொடக்கத்தில் மலப்புறத்தை மையமாகக் கொண்டு உருவான ‘அக்கம்பக்க வலையமைப்பு’ இதற்கு விடையாக வந்தது. தெருவில் யார் படுத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது, வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது, அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று விசாரிப்பது எல்லாம் அந்த ஊர்த் தன்னார்வலர்களின் பொறுப்பு. அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும் அதன்பின் செவிலியரோடு களப் பயிற்சியும் உண்டு. மருத்துவர், செவிலியர் சம்பளத்தையும் ஊரே திரட்டியது. கடைகளில் உண்டியல், மாதம் பத்து ரூபாய் தருவதாகப் பெயர் எழுதிக்கொடுத்த கூலித் தொழிலாளர்கள், பள்ளி மாணவர்களின் வசூல் என்று சில்லறையாகச் சேர்ந்த பணம் அது. பெரிய நன்கொடையாளர் ஒருவர் விலகினால் கவிழும் அமைப்பு, ஆயிரம் சின்ன நன்கொடையாளர்களில் நூறு பேர் விலகினாலும் நிற்கும்.

2008 ஏப்ரலில் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்தது. ஆசியாவில் ஓர் அரசு அறிவித்த முதல் கொள்கை இது என்பார்கள். அதன்பின் இது உள்ளாட்சியின் கடமையானது. கிராமப் பஞ்சாயத்து தன் திட்ட நிதியிலிருந்து ஒரு செவிலியரை அமர்த்தி, வண்டிக்கும் மருந்துக்கும் பணம் ஒதுக்கும். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்தவராக வேலை செய்வார். அவருக்கு மேலே தாலுகா மருத்துவமனையில் கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர். அதற்கும் மேலே மாவட்ட மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும். 2010-ல் பொருளியல் ஆய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்ட உலகளாவிய ஒப்பீடு, நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதமே உள்ள கேரளம் இந்தியாவின் பாலியேட்டிவ் சேவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்று சொன்னது.

யார் வந்தார்கள்

2011 கணக்கெடுப்பில் 60 வயது தாண்டியவர்கள் நாடு முழுக்க 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. பிள்ளைகள் வளைகுடாவில், பெங்களூரில். பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, மறதி நோய், பார்கின்சன், சர்க்கரையால் கால் இழந்தவர்கள், வெறும் முதுமைத் தளர்ச்சி. பஞ்சாயத்துச் செவிலியரின் பதிவேட்டில் புற்றுநோய் ஒரு பகுதியாகச் சுருங்கி, ‘கிடப்பு ரோகிகள்’, அதாவது படுத்த படுக்கையான நோயாளிகள், பெரும்பகுதியானார்கள். கோழிக்கோட்டில் இருக்கும் பாலியேட்டிவ் மருத்துவ நிறுவனம் 2010-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமானபோது, அதன் பெயரிலேயே ‘நீண்டகாலப் பராமரிப்பு’ என்ற சொல்லும் ஏறியது.

மாற்றம் நோயின் பெயரில் மட்டும் நிற்கவில்லை, கால அளவும் மாறியது. முற்றிய புற்றுநோயாளியோடு இருக்கும் காலம் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள். பக்கவாதம் வந்த பாட்டியோடு அது 7 ஆண்டாகலாம். முதலாமவருக்கு மார்ஃபின் உயிர்நாடி. இரண்டாமவருக்குத் தோல், மலம், மூத்திரம், உணவு, தூக்கம். தன்னார்வலரின் உற்சாகத்துக்கும் காலக்கெடு உண்டு என்பதை யாரும் முதலில் கணக்கில் எடுக்கவில்லை.

வீட்டு வருகை

காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வண்டி கிளம்பும். செவிலியர், அந்த வார்டின் ஆஷா (ஊர்ச் சுகாதாரப்) பணியாளர், ஒரு தன்னார்வலர். சில நாட்களில் சுகாதார ஆய்வாளர். வாடகை ஜீப்போ ஆட்டோவோ போதும். பையில் இருப்பவை: இரத்த அழுத்தக் கருவி, சர்க்கரைமானி, வெப்பமானி, 14, 16 எண் கதீட்டர்கள் (மூத்திர டியூப்கள்), மூத்திரப் பைகள், மூக்கு வழி உணவுக் குழாய், சேலைன் (உப்புநீர்), காஸ் துணி, கையுறை, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஜெல்லி, மெட்ரோனிடசோல் மாத்திரை, பாராசிட்டமால், மலமிளக்கி. எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கிவிடும்.

முதல் வருகையில் அவசரப்படக் கூடாது. ஒரு மணி நேரமாவது வேண்டும். மருத்துவமனைச் சீட்டுகளை அடுக்கிப் பார்ப்பது, முதுகு முதல் குதிகால் வரை தோலைப் பார்ப்பது, கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்று கேட்பது, கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை படி என்று நடந்து பார்ப்பது. நோயாளியிடமே நேராகப் பேசுவதும் இதில் சேரும். வாசலிலேயே மகன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், உள்ளே போய் “அம்மா, உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?” என்று கேட்டால் பட்டியல் வேறாக இருக்கும். முதுகுப் புண்ணைப் பற்றி மகன் சொன்னால், மருமகன் கண்முன் டயப்பர் மாற்றுகிறார்கள் என்பதே அம்மாவின் குறை. ஒரு திரைச்சீலை கட்டினால் தீரும் காரியம், கேட்காவிட்டால் கடைசிவரை தெரியாது.

ஒரு நாளில் பத்து வீட்டைத் தாண்டினால் அது கையெழுத்து வாங்கும் சுற்றாகிவிடும். நிலையானவர்களுக்கு மாதம் ஒருமுறை, புண்ணோ வலியோ இருப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை, கடைசி நாட்களில் தினமும் என்று பிரித்தால்தான் ஒரு செவிலியரால் தாக்குப்பிடிக்க முடியும். பட்டியலை மாதாமாதம் வெட்டித் திருத்தாத பஞ்சாயத்துகளில், நடமாடத் தொடங்கியவரின் வீட்டுக்கும் வண்டி போய்க்கொண்டிருக்கும். புதிதாக விழுந்தவர் காத்திருப்பார்.

தோல், டியூப், மலம்

படுக்கைப் புண்ணில்தான் வீட்டுப் பராமரிப்பின் தரம் தெரியும். வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால் ஆகிய இடங்களில் சிவந்த தடம் தெரிந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்துத் திரும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது, சிவப்பு அப்படியே நின்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது; சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய முடியும். சிவந்த இடத்தைத் தேய்ப்பது, ஸ்பிரிட் தடவுவது, பவுடர் கொட்டுவது, துணியை வளையமாகச் சுருட்டி அடியில் வைப்பது எல்லாம் வீடுகளில் நடக்கின்றன, எல்லாமே கெடுதல். வளையம் தன் விளிம்பில் இரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். 58 வயது மருமகள் ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டில் இரவு முழுக்க அதைச் செய்ய முடியாது. ஒரு வாரம் செய்துவிட்டு அவர் படுத்துவிடுவார். நல்ல மெத்தை இருந்தால் இரவில் 4 மணி நேரம் வரை நீட்டி, காலையில் தோலைப் பார்த்து முடிவெடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். முழுப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பு குத்தும். தலையணை முட்டுக் கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் காற்றில் நிற்க வேண்டும்.

மெத்தையிலும் பிழைகள் உண்டு. காற்று மெத்தை மின்சாரத்தை நம்பியது. நீண்ட மின்வெட்டில் அடங்கிப்போகும். நீர்ப் படுக்கை மின்சாரம் கேட்காது, ஆனால் ஆணியோ ஊக்கோ பட்டால் போச்சு. நீர் அதிகமானால் கல்லாக இறுகும், குறைந்தால் எலும்பு கட்டிலில் முட்டும். இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பதே சோதனை: எலும்பு கையில் தட்டுப்பட்டால் நிரப்ப வேண்டும். எந்த மெத்தையானாலும் மேலே ஒரே ஒரு மெல்லிய விரிப்பு. ரப்பர் ஷீட், மடித்த துண்டு, பழைய சேலை என்று நான்கு அடுக்குப் போட்டால் மெத்தைக்குக் கொடுத்த பணம் வீண்.

புண்ணைக் கழுவ, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, அதாவது சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி. நாற்றம் வந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவது கேரளத்தின் எல்லாப் பாலியேட்டிவ் செவிலியர்களுக்கும் தெரிந்த வழி. நாற்றம் போனால்தான் பேரப்பிள்ளைகள் மறுபடி அறைக்குள் வருவார்கள். அந்த வகையில் இந்த மலிவு மாத்திரைக்கு ஈடு எதுவும் இல்லை.

மூத்திர டியூப் அடுத்த தொல்லை. சாதாரண ரப்பர் கதீட்டர் 2 முதல் 4 வாரம். சிலிக்கோன் 12 வாரம் வரை தாங்கும். சிலிக்கோன் விலை கூடுதல் என்று வாங்க மறுக்கும் பஞ்சாயத்து, செவிலியரை மூன்று மடங்கு அலையவிட்டு வண்டி வாடகையில் அதை இழக்கும். டியூப் நழுவாமல் உள்ளே பிடித்து நிறுத்தும் சிறு பலூனைச் சேலைனால் நிரப்பினால் உப்புப் படிந்து, கழற்றும்போது அடங்காமல் மாட்டிக்கொள்ளலாம். அதற்குக் கிருமிநீக்கிய நீர்தான். பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். சிறுநீர் வரவில்லை என்று இரவில் போன் வந்தால் முதலில் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, நோயாளி அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதோடு கேட்க வேண்டிய கேள்வி: மலம் எப்போது போனது? இறுகிய மலம் கீழிருந்து அழுத்தினாலும் டியூபில் மூத்திரம் வருவது நிற்கும்.

மலம் பற்றி இன்னொன்று. பத்து நாள் மலம் போகாத பாட்டிக்குத் திடீரென்று தண்ணீராகப் போகிறது. வீட்டார் பேதி என்று நினைத்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கித் தருகிறார்கள். உள்ளே பாறையாக இறுகிய மலத்தின் ஓரமாகக் கசிந்த நீர் அது. மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கும். வயிறு வீங்கும், வாந்தி வரும், புத்தி தடுமாறும். கையுறை மாட்டிய ஒரு விரல் பரிசோதனையில் தெரிந்துவிடும் இதைக் கண்டுபிடிக்காமல், ஸ்கேன் எடுக்க அழைத்துப் போன குடும்பங்கள் உண்டு. திடீர்க் குழப்பத்துக்கும் இதே அணுகுமுறைதான். நேற்றுவரை பேரனைத் தெரிந்தவருக்கு இன்று தெரியவில்லையென்றால், வயதாகிவிட்டது என்று விடாமல் மலம், மூத்திரம், காய்ச்சல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று வரிசையாகத் துருவ வேண்டும்.

மூக்குக் குழாயில் உணவு தரும்போது தலைப்பக்கம் குறைந்தது 30 பாகை உயர்ந்திருக்க வேண்டும். ஒருமுறைக்கு 200 முதல் 250 மில்லி. முடிந்ததும் 30 மில்லி நீர் விட்டுக் குழாயை அலசி, அரை மணி நேரமாவது சாய்த்தே வைத்திருக்க வேண்டும். முற்றிய மறதி நோயில் குழாய் போட்டால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்றில்லை. பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிவைக்கும் நிலைதான் வரும். கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதே மேல் என்று சொல்லச் செவிலியருக்குத் தைரியமும், பின்னால் நிற்கும் மருத்துவரும் வேண்டும்.

வலி: குறைவாகவும் தவறாகவும்

மூட்டுவலிக்காக மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் முதியவரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் சேர்த்து அடிக்கும். பாராசிட்டமாலைக் கேட்டபோது மட்டும் கொடுக்காமல் நேரம் தவறாமல் கொடுத்தாலே பலருக்குப் போதும். மெலிந்த முதியவருக்கு நாளொன்றுக்கு 3 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். அதற்கும் அடங்காத வலிக்கு மார்ஃபின். முதியவருக்கு 2.5 அல்லது 5 மில்லிகிராமில் தொடங்கி 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் கெட்டிருந்தால் இடைவெளியை நீட்ட வேண்டும். முதல் மாத்திரையோடு மலமிளக்கியும் எழுதப்பட வேண்டும். அதை மறந்தால் ஒரு வாரத்தில் நோயாளியே மார்ஃபினை வேண்டாம் என்பார், வலியோடு இருந்துவிடுவார்.

1985-ன் போதைப்பொருள் சட்டத்தால் பல மாநிலங்களில் மார்ஃபின் வாங்கக் கட்டுக்கட்டாக உரிமங்கள் தேவைப்பட்டன. 2014 திருத்தம் மார்ஃபின் உள்ளிட்ட 6 மருந்துகளை இன்றியமையாதவையாக வகைப்படுத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் பதிவேடு, இருப்புக் கணக்கு, நோயாளி இறந்ததும் மீதி மாத்திரையைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றுக்கு ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். ஆள் இல்லாத மருத்துவமனை அந்த அங்கீகாரத்தைக் கேட்கவே கேட்காது.

எங்கே பிடித்தது

கேரள அமைப்பின் பலவீனம் பராமரிப்பவரின் முதுகில் இருக்கிறது. செவிலியர் மாதத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வருகிறார். மீதி நேரம் முழுக்க வீட்டுப் பெண்ணின் கூலியில்லா உழைப்பு. படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் தரும் உதவி மாதம் 600 ரூபாய். கொத்தனார் வேலைக்குப் போகும் ஒருவரின் ஒருநாள் கூலிகூட அங்கே அதைவிட அதிகம். பராமரிப்பவர் இரண்டு நாள் தூங்கவோ, மகளின் பிரசவத்துக்குப் போகவோ நோயாளியைக் கொஞ்சநாள் பார்த்துக்கொள்ளும் இடைக்கால வசதி மிகக் குறைவு. புற்றுநோயின் சில மாதங்களுக்கு இது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஏழாண்டுப் பக்கவாதத்துக்கு இதுதான் பெருங்குறை.

இரண்டாவது, செவிலியரின் நிலை. பஞ்சாயத்து அமர்த்துபவர் பெரும்பாலும் 3 மாதத் துணைச் செவிலியப் பயிற்சி பெற்ற ஒப்பந்தப் பணியாளர். அவர் போய்விட்டால் பதிவேட்டில் பெயர் இருக்கும், யாருக்கு டியூப் எந்தத் தேதியில் மாற்ற வேண்டும் என்ற அறிவு அவரோடு போய்விடும். மூன்றாவது, பயிற்சியின் உள்ளடக்கம்: வலி பற்றி நிறைய, விழுந்தவரை நடக்கவைப்பது பற்றிக் கொஞ்சம். பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் இயன்முறை மருத்துவர் வந்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருக்கக்கூடியவர், அவர் வராததால் நிரந்தர நோயாளியாகப் பட்டியலில் ஏறுகிறார்.

தமிழ்நாட்டில் அலகு வேறு

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ முந்திக்கொள்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டம், சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண் தன்னார்வலர்களைக் கொண்டு இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே தருகிறது. வட்டார அளவில் ஆதரவு சிகிச்சைச் செவிலியரோடு இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப் போகிறார். இந்தச் சேர்க்கை கேரளத்தில் தொடக்கத்தில் இல்லாதது. 2024-ல் ஐ.நா. அமைப்புகளுக்கிடையேயான பணிக்குழு விருதும் கிடைத்தது. மாத்திரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பக்கவாதமே குறையும். முதியோர் பராமரிப்பில் அதைவிட மலிவான முதலீடு கிடையாது.

ஆனால் படுத்துவிட்டவருக்குக் கணக்கு வேறு. கேரளக் கிராமப் பஞ்சாயத்து பெரியது. மாநிலம் முழுக்க 941 தான், சராசரியாக 20,000 பேருக்கு மேல். ஒரு செவிலியருக்குச் சம்பளம் கொடுக்கும் வலு அதற்கு உண்டு. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். சராசரியாகப் பார்த்தால் 3,000 பேர். தனியாக ஒரு செவிலியரை வைத்துக்கொள்ளப் பெரும்பாலான ஊராட்சிகளால் முடியாது, வைத்தால் அவருக்கு வேலையும் நிறையாது. அதனால் பொறுப்பு வட்டாரத்துக்கு ஏறுகிறது. வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் கிராம மக்கள். கேரளத்தில் ஒரு செவிலியருக்கு விழும் பரப்பைவிட இது நான்கைந்து மடங்கு. கேரளத்தைப் பார்த்து வந்து ஊராட்சிதோறும் அதையே நடுவோம் என்று பேசுபவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதில்லை.

சாத்தியமானது இடைப்பட்ட அலகு: ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் வரும் பத்துப் பன்னிரண்டு ஊராட்சிகள் சேர்ந்து ஒரு செவிலியர், ஒரு வண்டி, ஒரு பொருள் கிடங்கு. கிடங்கில் நீர்ப் படுக்கை, கமோடு நாற்காலி, நடைச்சட்டம், சக்கர நாற்காலி. ஒருவர் இறந்ததும் கழுவி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியவை. கேரளத்தில் இது பெரும்பாலும் தன்னார்வச் சங்கங்களின் கையில் நன்றாகவே சுழல்கிறது. அரசு இருப்புப் பதிவேட்டில் ஏறிய கட்டில், தணிக்கைக்குப் பயந்து கிடங்கிலேயே கிடக்கும். ஆகவே பொருளை ஆரம்ப சுகாதார நிலையத்திடம் விடாமல், தன்னார்வலர்கள் வந்த அதே சுய உதவிக் குழுக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்து, திரும்பி வராதவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு இழப்புத் தொகையையும் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

ஓய்வூதியமும் இதில் வருகிறது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500, நெடுங்காலமாக அசையவில்லை. தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்து 2023 ஆகஸ்ட் முதல் 1,200 தருகிறது. படுத்த படுக்கையானவருக்கு இது டயப்பருக்கே போதாது. கிழிந்த பருத்திச் சேலையை மடித்து, அடியில் உறிஞ்சு விரிப்புப் போட்டுப் பகலைச் சமாளித்து, இரவுக்கு மட்டும் ஒரு டயப்பர் என்று பிரித்துக் காட்டுவதும் செவிலியரின் வேலைதான். தோலுக்கும் அதுவே நல்லது: ஈரமான டயப்பரில் நாள் முழுக்கக் கிடந்தால் மெத்தை எதுவானாலும் புண் வரும்.